குருவிக்கும் லட்சுமிக்கும் மருந்து

பொய் சொல்லக்கூட ஒரு திறமை வேண்டும். எனக்கு அது சுத்தமாகக் கிடையாது. இருந்தும், வாழ்க்கையின் முக்கியமான நாளில் போய் முயன்று பார்த்தேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் மதுரையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்காணல். இருந்ததே ஒரு இடம்தான். தாயில்பட்டியிலிருந்து இதற்கெல்லாம் கிளம்பிய முதல் ஆள் நான் (எங்கள் தெருவே அப்படித்தான் சொன்னது, நானும் மறுக்கவில்லை). தீபாவளி சீசனில் லீவு போட்டு வந்த அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே பேராசிரியர் சிரித்த முகமாக ஆரம்பித்தார்.

"அப்பா என்ன பண்றார்மா?"

"மருந்து கலக்குறாக சார்."

பட்டாசுக்குள் போகும் கலவைக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். உலகத்தில் வேறு மருந்தும் உண்டு என்பது பதற்றத்தில் மறந்துவிட்டது.

"எதுக்கான மருந்து?"

"குருவிக்கு, லட்சுமிக்கு... எல்லாத்துக்கும் சார்." (வெடிகளின் பெயர்கள், சாமி சத்தியமாக!)

"ஓ! கால்நடை டாக்டரா?"

அப்போதே திருத்தியிருக்கலாம். அந்த 'ஓ'வில் இருந்த மரியாதை என் வாயை அடைத்துவிட்டது. தலையை ஆட்டித் தொலைத்தேன்.

அடுத்த கேள்வி: "ஆர்.என்.ஏ.வை வெட்டுற என்சைம் செல்லுக்குள்ளேயே இருக்கே, அது ஏன் செல்லோட ஆர்.என்.ஏ.வை மொத்தமா வெட்டித் தள்ளல?"

ஒரு மாதமாக அப்பாவை உட்காரவைத்து ஒப்பித்த பாடம் அது. சொன்ன பொய்யையே நினைத்துக்கொண்டிருந்ததில் பாடம் மொத்தமும் மறந்துபோனது. "சரி, போகலாம்மா" என்றவர், கூடவே எழுந்து வந்து நேராக அப்பாவிடம் போனார்.

"டாக்டர், எங்க வீட்டு நாய் ரெண்டு நாளா சாப்பிடல. உங்க மருந்து கொஞ்சம் குடுக்கலாமா?"

அப்பா பதறி எழுந்தார். "நம்ம மருந்தா? ஐயையோ வேண்டாம் சார்! நாயி அங்கன ஒரு காலு, இங்கன ஒரு காலுன்னு போயிரும்."

பேராசிரியரின் பார்வை அப்பாவின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த அலுமினியப் பொடியில் போய் நின்றது. நான் பூமிக்குள் போய்விட இடம் தேடினேன். சிமெண்ட் தரை.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "மன்னிச்சுக்கிடுங்க சார். நான் பட்டாசு கம்பெனியில மருந்து கலக்குறவன். பிள்ள பயத்துல உளறிருச்சு. படிப்புல உளறாது, கேட்டுப் பாருங்க."

என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் வாயும் திறந்தது.

"பதில் சொல்றேன் சார். எங்க ஊர்ல மருந்து ஒரு ரூம்ல, திரி ஒரு ரூம்ல இருக்கும். சேராதவரைக்கும் ஒண்ணும் ஆகாது. செல்லும் அப்படித்தான். சில என்சைமைப் பிடிச்சுப் பூட்டி வைக்க ஒரு புரதம் இருக்கு. இன்னொரு என்சைம் ஒத்தை ஒத்தையா சும்மா கிடக்கும். வைரஸ் வந்தா செல்லு சிக்னல் குடுக்கும், ரெண்டு ரெண்டாச் சேர்ந்து வெட்டும். செல்லு வளர்றப்பவும் எதை, எப்ப வெட்டணும்னு கட்டுப்பாடு உண்டு. அது தப்புச்சுன்னா நோய்தான்."

"நல்ல போர்மேன் இருக்கான்போல சார், செல்லுக்குள்ள" என்றார் அப்பா.

பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இடம் எனக்குத்தான் கிடைத்தது.

திரும்பும்போது சாத்தூரில் பஸ் மாறினோம். உட்கார்ந்ததும் அப்பா மெதுவாகக் கேட்டார். "என் வேலையச் சொல்ல வெக்கமா இருந்துச்சா தாயி?"

"இருந்துச்சுப்பா. நீங்க எந்திரிச்சுச் சொன்னீகள்ல, அப்பவே போயிருச்சு."

அன்று வந்த பெருமை இன்றுவரை குறையவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் டாக்டர் ஆனது அப்பாதான், எனக்கு ஆறு வருஷம் கழித்துத்தான் பட்டம் வந்தது. இப்போதும் கோழி சுருண்டு படுத்தால் அம்மா குரல் கொடுப்பாள். "டாக்டரக் கூப்பிடுங்க! ஏய், நீ உக்காரு, உன்னையில்ல. பெரிய டாக்டர!"

அப்பாவும் கௌரவமாக எழுந்து வருவார்.