சல்லடையில் கிடைத்த வாஷர்

முதலில் கேட்டது ஒரு முனகல். கன்று ஈனப்போகும் மாடு போல நீளமாய், தெருமுனையிலிருந்து. முற்றத்தில் சோளமாவு சலித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தபோதுதான் வெள்ளைக் கார் வாசலுக்குள் திரும்பியது. ஸ்டியரிங்கை ஒடித்த ஒடிப்பில் பாஷி லோம்பேயின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகத்தில் மட்டும், சம்பந்தமே இல்லாமல், ஒரு நிம்மதி.

“பானா லோம்பே, வண்டி படுத்துடுச்சு. ஸ்டியரிங் ஹோஸ் வெடிச்சு எண்ணெய் ஊத்துது.”

செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷ்யாவில் தலைப்பிள்ளை பிறந்த அன்றே புருஷன் பெண்டாட்டிக்குச் சொந்தப் பெயர் போய்விடும். இருபத்தாறு வருஷமாக இவர் லோம்பேயின் அப்பா, பாஷி லோம்பே. அவள் லோம்பேயின் அம்மா, பானா லோம்பே. லோம்பே போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. பெயர் மட்டும் நாளுக்கு நூறு தடவை வீட்டுக்குள் வந்துபோய்க்கொண்டிருந்தது.

வருகிற சனிக்கிழமை, கசாமாவுக்கு அந்தப் பக்கம் சொந்த ஊரில், லோம்பேக்குக் கல் திறப்பு. கல்லறைக் கல்லை வெள்ளைத் துணி போட்டு மூடியிருப்பார்கள். பெற்றவர்கள்தான் துணியை இழுக்க வேண்டும். தன் கை அதற்கு வராது என்று பாஷி லோம்பேக்குத் தெரியும். செம்புச் சுரங்கத்தில் முப்பது வருஷம் பம்பு ஓட்டிய மனுஷன் இதை வாய்விட்டுச் சொல்வாரா? வெடித்த ஹோஸ் அவருக்கு வானத்திலிருந்து விழுந்த சாக்கு.

“பட்டறையில விடுங்க. வெள்ளிக்கிழமை விடியறப்ப கிளம்பணும்.”

“பட்டறைக்காரன் தொட்டா இருக்கறதும் போயிடும். நானே மாத்தப்போறேன். என் வண்டிக்கு என் கை.”

“பல்பு மாட்டறேன்னு தெருவையே இருட்டாக்கின கையா?”

“அது பழைய கதை.”

“போன மாசம்.”

புதன்கிழமை புது ஹோஸ் வந்தது. ஜாக்கி வைத்து, கட்டை கொடுத்து, முன்சக்கரம் இரண்டையும் தூக்கியாயிற்று. அடியில் படுத்தவர் பழைய எண்ணெயைப் பிடிக்க ஒரு பாத்திரத்தைத் தள்ளினார்.

“அது களி கிண்டற சட்டி.”

“கழுவித் தரேன்.”

“கல்யாணமான நாள்லேர்ந்து கழுவித் தரேன்னுதான் சொல்றீங்க.”

பழைய ஹோஸ் அரைமணியில் கழன்று வந்தது. இவ்வளவு சுலபமாக வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பம்புப் பக்கம் ஒரே ஒரு போல்ட். ஹோஸ் முனைக்கு மேலொன்று கீழொன்றாக இரண்டு செம்பு வாஷர். அதில் ஒன்று குறைந்தாலும் எண்ணெய் பீச்சியடிக்கும். பழையவை நசுங்கிவிட்டன. கடைக்காரன் கொடுத்த புது வாஷரில் ஒன்றைச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“வாஷர் ஒண்ணு கீழ விழுந்துடுச்சு. மண்ணோட மண்ணாப் போச்சு.”

“வேற வாங்குங்க.”

“இந்த அளவு எங்கயும் கிடைக்காது. லுசாகாவுக்குச் சொல்லிவிடணும். ஒரு வாரம் ஆகும்.”

அவள் சல்லடையை எடுத்துவந்து காருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு மண்ணை அள்ளிச் சலிக்க ஆரம்பித்தாள். பிடிபிடியாக முற்றத்தையே சலித்தாள். முழங்கால் சிவந்தது, புருவத்தில் புழுதி ஏறியது. அவர் சுவரில் சாய்ந்து நின்று பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. இரண்டு தடவையும் அந்த வெள்ளைத் துணி கண்ணுக்குள் வந்தது.

வியாழன் காலை தக்காளி வாங்கச் சந்தைக்குப் போய் வந்தவள், கூடையை இறக்கிவைத்துவிட்டு மறுபடி மண்ணில் உட்கார்ந்தாள். மூன்றாவது பிடி. சல்லடையில் டிங் என்று ஒரு சத்தம்.

“இதோ, உங்க வாஷர்.”

பாஷி லோம்பே வாங்கிப் பார்த்தார். அதே அளவு. அதே செம்பு. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கேயும் ஒன்று இருந்தது.

“இது அது இல்லியே...”

“எப்படித் தெரியும்?”

அவர் பையிலிருந்து கையைச் சட்டென்று எடுத்தார்.

“இல்ல... ரொம்பப் பளபளன்னு இருக்கு.”

“மண்ணு தேய்ச்சிருக்கும். மாட்டுங்க.”

மாட்டினார். வேறு வழி? போல்ட்டை முறுக்கி, புது எண்ணெய் ஊற்றினார். எஞ்சின் ஓட, அவள் இருக்கையில் ஏறி ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். எண்ணெய் டப்பாவில் குமிழி கொப்புளித்தது. காற்று வெளியேற வெளியேற முனகல் மெலிந்து, கடைசியில் நின்றே போனது.

அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை.

“துணிய இழுத்துட்டா எல்லாம் முடிஞ்சுபோச்சு, பானா லோம்பே,” என்றார் எண்ணெய் டப்பாவிடம்.

அவள் எஞ்சினை அணைத்தாள்.

“திங்கக்கிழமை திரும்பி வந்து என்னை எப்படிக் கூப்பிடுவீங்க?”

“எப்படிக் கூப்பிடுவாங்க? பானா லோம்பேன்னுதான்.”

“அப்ப என்ன முடியுது?”

அவர் துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

“தனியா இழுக்கச் சொல்லல. ஒரு முனைய நீங்க பிடிங்க, ஒரு முனைய நான் பிடிக்கறேன். எனக்கும் கை வரல.”

அவர் தலையாட்டினார். அவள் இறங்கி அவர் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

“பையில இருக்கற வாஷரைக் குடுங்க. தூர வழி, தேவைப்படும்.”

“உனக்கு எப்படி...”

“நேத்து பூரா நான் மண்ணச் சலிக்கறேன். தொலைச்ச மனுஷன் ஒரு தடவைகூடக் குனியல. அதான் தக்காளியோட ஒரு வாஷரும் வாங்கிட்டு வந்தேன்.”

வாஷரை இடுப்பில் சுற்றியிருந்த துணியின் முனையில் முடிந்துகொண்டாள். குழாயடியில் சல்லடையை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் உதறிக் காயவைத்து, பாதியில் விட்ட சோளமாவை வழிக்குச் சலிக்க உட்கார்ந்தாள். அவர் களிச் சட்டியை எடுத்து, சாம்பல் போட்டு, எண்ணெய் போகத் தேய்க்கத் தொடங்கினார்.