கடற்கரையில் பெரட்டு எடுத்த மண்டோர்

மூன்றாம் படிவம் வரை படித்த நான் பத்திரிகைக்கு எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எங்கள் தோட்டத்து மேஸ்திரியான பெரட்டு மண்டோரைப் பற்றி வேறு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. அவர் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அலைகூடக் கரைக்கு வந்ததில்லை.

தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. தோட்டம் வீடமைப்புக்குப் போய், நாங்கள் பாரோய்க்கும் ரஹாங்குக்கும் சிதறிய பிறகும் அவர் அதை விடவில்லை. கல்யாணப் பந்தியில் கூப்பிடுவார். ஒருமுறை சாவு வீட்டிலும் கூப்பிட்டார். இறந்தவர் பெயர் வந்ததும் சற்று யோசித்து, "லீவு" என்று எழுதிக்கொண்டார்.

சிதறிய நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் கூடுவதற்கு மிஞ்சியது ஒரு கடற்கரைதான். ஞாயிறுதோறும் காலையில் அங்கே இருப்போம். அதன்மேல் சாலை போட முளைக்குச்சி அடித்துவிட்டார்கள்.

மண்டோர் நேரே அந்தச் சாலைக்கு அளவெடுத்த பொறியாளர் அம்மாவிடம் போனார். நானும் பின்னால் ஒளிந்தபடி போனேன்.

"அங்கிள், மூனு நாள் வந்து பார்த்தோம். இங்க ஆளே வர்றதில்ல. ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"எத்தன மணிக்கு வந்தீங்க?"

"பகல் பன்னண்டு மணிக்கு."

"அந்த வெயில்ல நண்டுகூட வெளிய வராதும்மா! ஞாயித்துக்கிழம ஏழு மணிக்குப் பெரட்டு. வரலன்னா ஆப்சன்ட் போட்டுருவேன்லா."

அந்த அம்மா வந்தார். மண்டோர் நோட்டைப் பிரித்தார்.

"முனியம்மா!"

"இருக்கேன் மண்டோரே! கத்தாதீங்க, பக்கத்துலதான நிக்கிறேன்!"

"ஜோசப்பு!"

கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு கை உயர்ந்தது. நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார அம்மா தன் பெயர் வந்ததும், 'இருக்கேன்' என்பதை மலாயில் "அடா!" என்றார். உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த சீனப் பெரியவர் ஒற்றைக்காலில் நின்றபடியே "அடா லா!" என்றார்.

"போதும் அங்கிள், நம்புறேன்."

"பெரட்ட பாதியில நிறுத்துற பழக்கம் நமக்கு இல்லம்மா. இன்னும் நாலு பக்கம் இருக்கு."

கடைசியில் மண்டோர் அந்த அம்மாவின் பெயரையும் கேட்டு எழுதி, உரக்கக் கூப்பிட்டார். பொறியாளர் அம்மா நிமிர்ந்து நின்று, "இருக்கேன்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே ரிப்போர்ட்டை எடுத்து, ஆள் வருவதில்லை என்ற வரியை அடித்துவிட்டார்.

இளம் வயதில் அந்தக் குரலுக்குப் பயந்து விடியுமுன் ஓடியவன் நான். அன்று என் பெயர் வந்தபோது, இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று பேசாமல் நின்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை, சாலைக்காரர்கள் முளைக்குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு சாலைக்கு உள்பக்க மேட்டை அளக்கப் போனார்கள்.