நிறுவனர் ராமப்பன்

இந்தத் தடவை பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று ராமப்பன் முடிவு கட்டிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இதே முடிவைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒன்றும் நின்றபாடில்லை.

ஓசூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் பிரஸ் மெஷினுக்குக் கையைக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குச் செயற்கைக் கை வாங்க நடைபயணம் போய் நிதி திரட்டலாம் என்று கிளம்பியது அவர் பெண்டாட்டி ருக்மணி. வீடு வீடாக ஏறி இறங்கியதும் அவள்தான். வெப்சைட் மட்டும் ராமப்பன் பங்குக்கு வந்தது. கம்பெனியில் கம்ப்யூட்டர் தட்டி ரிட்டயரானவர் ஆச்சே.

கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். திறந்தால் திரை முழுக்க அவர் மூஞ்சி. கீழே 'நிறுவனர் ராமப்பன்'. அத்தனையும் இங்கிலீஷ். ருக்மணி பேரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. நடைபயணம் முடிகிற இடத்தில் போடும் மேடையில் மாலை தனக்குத்தான் என்று வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போடக் கொடுத்துவிட்டார்.

ருக்மணி பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"நம்ம ஜனம் தமிழு, கன்னடம், தெலுங்குன்னு பேசுதுங்க. இதைப் படிக்குமா?"

"உனக்கென்னடி தெரியும்? இது உலகத் தரம்."

"சரிங்க. சந்தேகம் கேக்க ஒரு போன் நம்பராச்சும் போடுங்க. என் நம்பரு எதுக்கு, நான் யாரு? நிறுவனர் நம்பரே இருக்கட்டும்."

ராமப்பனுக்கு உச்சி குளிர்ந்தது. கொட்டை எழுத்தில் போட்டார்.

மறுநாள் விடிவதற்குள் பிடித்தது சனி. படிக்க முடியாத அத்தனை பேரும் போன் போட்டார்கள். ராயக்கோட்டையில் பஸ் எங்கே நிற்கும் என்று தெலுங்கில் ஒருத்தர். வழியில் மோர் உண்டா என்று கன்னடத்தில் ஒரு அம்மா. எரிச்சலில் ஒரு போனைக் கட் பண்ணினார். சோறு போட்டுக்கொண்டிருந்த ருக்மணி போனில் நம்பரை எட்டிப் பார்த்தாள்.

"அது மாரம்மா பொண்ணு காவியாங்க. வலது கை போனவ. இடது கையால தட்டித் தட்டி நம்பர் போடறா. அவளைக் கட் பண்றீங்க."

அப்புறம் எந்த போனையும் கட் பண்ண அவருக்குத் தெம்பில்லை.

நடைபயணத்தன்று ருக்மணி முன்னாடியே போய்விட்டாள். மேடையில் நாற்காலி போட்டிருக்கு, வந்துடுங்க, போனை மட்டும் விட்டுடாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இவரும் சட்டையை மாட்டி ஸ்கூட்டரை வெளியே தள்ளினார். வழி தெரியாமல் ஒரு கூட்டம் போனில் கூப்பிட்டது. அதற்கு வழி சொன்னால் இன்னொரு கூட்டம். சார்ஜ் தீர்ந்து, திரும்ப வீட்டுக்குள் வந்து, சார்ஜர் வயர் எட்டுகிற தூரத்தில் சுவரோரம் குந்திக்கொண்டு பேசினார். கஞ்சிச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியது.

சாயங்காலம் மேடையில் மைக் பிடிக்கிறவர் போனில் கூப்பிட்டார்.

"சார், முன்னாடி நடந்து வர்ற அம்மாவுக்குப் பொன்னாடை போத்தப் போறோம். அவங்க பேரு என்னங்க? வெப்சைட்ல யாரோ ஒரு ஐயா படம்தான் இருக்கு. அவரை இங்க யாருக்கும் தெரியல."

"ருக்மணி" என்றார் ராமப்பன். எழுதிக்கொள்ள வசதியாக இன்னொரு தரம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நன்றி சார். நீங்க யாருங்க?"

"போன் எடுக்கறவன்."