கஸ்பார் மனந்திரும்பிய நாலு வாரம்

கஸ்பாரின் கையிலிருந்த கள்ளை எப்படிப் பிடுங்குவது என்று டெல்ஃபினாவுக்குத் தெரியவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பாகமாக அவன் குடித்துக்கொண்டிருக்கிறான். அவள் எழுதுகிற பதினைந்து நிமிட வானொலி நாடகத்தில் இரண்டு நிமிடம் அவன் குடிக்கிற சத்தத்துக்கே போய்விடும். மூன்று மணி ஆனால் பிலிப்பைன்ஸின் இலோய்லோ ஊரில் ஆளேற்றி ஓடும் ஜீப்னிக்காரர்கள்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்பார்கள்.

"இந்த ஞாயித்துக்கிழமையும் ஒரு கடிதாசி வந்திருக்கு, சிஸ்டர்" என்றார் பாஸ்டர் எலிசியோ. சபை வானொலிக்குத் தலைவர் அவர்தான். நாடகத்தில் எது போகலாம், எது போகக்கூடாது என்று பார்க்கிற ஐந்து பேர் குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "'திங்கள் குடித்தான். செவ்வாய் விதவை ஈசிங்கின் வரப்பை இரண்டு முழம் நகர்த்தினான். புதன் வில்மா வீட்டுக்குப் போனான். வியாழன் மறுபடியும் குடித்தான். இப்படியே விடக்கூடாது. முதலில் குடி நிற்க வேண்டும். கண்ணீருடன், ஒரு சகோதரி.'"

"பேர் போடலையா?"

"போடல. வாசல் பெட்டியில போட்டுட்டுப் போயிருக்காங்க. ஒரு நாள் விடாம குறிச்சிருக்காங்க பாத்தீங்களா? மனசு எவ்வளவு புண்பட்டிருக்கணும்."

"ஒரு நாள் விடாம கேக்குறாங்கன்னும் எடுத்துக்கலாமே, பாஸ்டர்."

பாஸ்டர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "பாவம் இல்லாம கதை எழுத முடியாதா உங்களால?"

"பாவமே பண்ணாதவனை எதுக்கு மன்னிக்கிறது?"

"கொஞ்சமா வச்சுக்குங்களேன். சரியில்லேன்னா மூணு மணிக்கு நாடகத்துக்குப் பதில் பாமாலைப் பாட்டு போட்டுடலாம்னு குழு சொல்லுது."

டெல்ஃபினா பயந்துவிட்டாள். பதினோரு வருஷமாக அந்த மூன்று மணிதான் அவள் வாழ்க்கை. அது போனால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வண்ணம் தீட்ட ஆட்டுக்குட்டி வரைந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை கஸ்பார் கள்ளை விட்டான். கள்ளுக்குப் பதில் இஞ்சித் தண்ணீர் குடித்தான். குடித்துக்கொண்டே, தெளிந்த புத்தியோடு, விதவை ஈசிங்கின் வரப்பை இன்னும் நாலு முழம் நகர்த்தத் திட்டம் போட்டான். ஊரே நடுங்கிப்போனது.

கஸ்பாருக்குக் குரல் கொடுக்கிற துரிங் அண்ணன் சபையில் ஊழியம் செய்கிற ஒரு டீக்கன், பரம சாது. செவ்வாய்க்கிழமை காலிப் பையோடு வந்து நின்றார்.

"மீன்காரி எனக்கு மீன் தரமாட்டேங்கிறா, டெல்ஃபினா. 'குடிச்சிட்டுச் செஞ்சப்போ போனாப் போகுதுன்னு விட்டேன், இப்போ தெளிவாத்தானே செய்யுற'ங்கிறா."

"கொஞ்சம் பொறுத்துக்குங்க, அண்ணே. இன்னும் நாலு நாள் கருவாடு சாப்பிடுங்க."

அடுத்த ஞாயிறு அடுத்த கடிதம். "'குடியை விட்டான், ஸ்தோத்திரம். இனி வில்மாவை விட வேண்டும்.'"

விட்டான். ஆனால் வில்மா விடவில்லை. தினமும் மூன்று மணிக்குக் கஸ்பார் வீட்டுப் படியில் உட்கார்ந்து, நம்பி மோசம்போனதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அதைக் கேட்டு அழாத அடுப்படி ஊரில் கிடையாது. வெள்ளிக்கிழமை மாதர் சங்கத்திலிருந்து ஏழு பேர் பாஸ்டரைப் பார்க்க வந்தார்கள்.

"வில்மாவுக்கு என்ன நியாயம், பாஸ்டர்? ஒரு பொண்ணை ஆசைகாட்டி வச்சிருந்துட்டு அப்படியே விட்டுட்டுப் போறதைத்தான் நம்ம சபை சொல்லித்தருதா?"

பாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. "அவனைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க, சிஸ்டர். நாலு வசனம் பேசட்டும்" என்றார்.

திங்கட்கிழமை கஸ்பார் கோயிலுக்குப் போனான். முன் வரிசையில் வலது ஓரம் உட்கார்ந்து, எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னான். நடுநடுவே வரப்பை நினைத்துக்கொண்டான். மறுநாளே குழு உறுப்பினர் ஒருவர் டெல்ஃபினாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முன் வரிசை வலது ஓரம் நான் உக்கார்ற இடம். தெரிஞ்சுதானே எழுதினீங்க?"

டெல்ஃபினா கஸ்பாரை இடது ஓரத்துக்கு மாற்றினாள். இடது ஓரத்துக்காரர் புதன்கிழமை வந்தார். நடுவில் உட்கார வைத்தாள். வியாழக்கிழமை நடுவிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள்; அவர்களில் ஒருவருக்கு உண்மையிலேயே ஒரு வரப்புத் தகராறு இருந்தது.

"போதும், சிஸ்டர்" என்றார் பாஸ்டர். அதற்குள் அடுத்த கடிதமும் வந்திருந்தது. "'வரப்பை ஈசிங்குக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் முழுசாக மனந்திரும்ப வேண்டும்.' இந்தச் சகோதரி கேக்கிறதுல என்ன தப்பு? வெள்ளிக்கிழமை முடிச்சிடுங்க."

வெள்ளிக்கிழமை கஸ்பார் வரப்பைத் திருப்பிக் கொடுத்தான், வில்மாவின் காலில் விழுந்தான், ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தான். ஒலிப்பதிவு அறையில் ஆற்றுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. துரிங் அண்ணன் அதில் கையை விட்டு அளைந்துகொண்டே நிஜமாக அழுதார். பாஸ்டரும் அழுதார். டெல்ஃபினா மட்டும் ஒரு வெற்றுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமைக்கு என்ன எழுதுவது?

திங்கள், கஸ்பார் கத்தரிக்காய் நட்டான். செவ்வாய் தண்ணீர் ஊற்றினான். புதன் ஈசிங் அவனுக்கு நன்றி சொன்னாள். வியாழன் மறுபடியும் நன்றி சொன்னாள், வேறு வார்த்தைகளில். மூன்று மணிக்கு ஜீப்னிகள் நிற்காமல் ஓடின. சந்தை முழுக்க ரேடியோக்கள் பக்கத்து நிலையத்துக்குத் திரும்பிவிட்டன. அங்கே ஓடிய நாடகத்தில் ரத்தம் குடிக்கிற பேய் ஒன்று கர்ப்பிணி வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பாஸ்டர் வந்தார். "கதை ரொம்பச் சப்புன்னு இருக்கே, சிஸ்டர்."

"நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்?"

"பாவத்தைத்தான் எடுக்கச் சொன்னேன். சுவாரஸ்யத்தையுமா எடுக்கச் சொன்னேன்?" குரலைத் தணித்தார். "குழு முடிவு பண்ணிடுச்சு. திங்கட்கிழமையிலேருந்து பாமாலை."

டெல்ஃபினா பதினோரு வருஷத்துக் காகிதங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். பாஸ்டர்மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபமில்லை. முகம் காட்டாமல் கண்ணீர் விட்ட அந்தச் சகோதரிமேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். அம்பது வயதுக்கு மேலிருக்கும். துணி துவைத்துத் துவைத்து விரல் நுனிகள் வெளுத்திருந்தன. வாழையிலையில் சுற்றிய அரிசிப் பலகாரத்தை மேசைமேல் வைத்தாள்.

"நான் பசிதா. அந்தக் கடிதாசி எல்லாம் நான்தான் போட்டேன். நன்றி சொல்லலாம்னு வந்தேன்."

"நன்றியா?" டெல்ஃபினா அட்டைப்பெட்டியைத் தள்ளிவைத்தாள். "உங்க புகாராலதான் என் நாடகமே நின்னுபோச்சு, தெரியுமா?"

"புகாரா? நான் யாரைப் பத்திப் புகார் சொன்னேன்?" பசிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாசல்ல இருக்கிறது ஜெபக் குறிப்புப் பெட்டிதானே? கஸ்பாருக்காக எல்லாரும் ஜெபிங்கன்னு எழுதிப் போட்டேன்."

அந்தப் பெட்டியை வைத்தது அதற்காகத்தான். ஆனால் மின்விசிறி சுற்றவில்லை, பிரசங்கம் நீளம் என்பதைத் தவிர வேறெதுவும் அதில் விழுந்து வருஷக்கணக்காகிறது. பாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"குடி நிக்கணும்னு எழுதினேன், மறுநாளே நின்னுது. வில்மாவை விடணும்னு எழுதினேன், விட்டான். நம்ம சபை இப்படி ஜெபிக்குதேன்னு மலைச்சுப்போயிட்டேன்."

டெல்ஃபினாவுக்குக் கோபம் இறங்கிவிட்டது. "அக்கா, கஸ்பார்னு நிஜமா யாரும் இல்ல. அது நான் எழுதுற கதை."

"அது தெரியாமலா? எனக்கென்ன பைத்தியமா?" பசிதா பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து நீட்டினாள். டெல்ஃபினா பிரித்தாள். 'திங்கள் குடித்தார். செவ்வாய் என் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார். புதன் வரவில்லை. வியாழன் மிஷின் இல்லாமல் வந்தார், பெண்கள் பூசும் வாசனைத் தைலம் மணந்தது.'

தோளுக்குப் பின்னாலிருந்து பாஸ்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கத்தைத் திருப்புங்க, சிஸ்டர்" என்றார்.

டெல்ஃபினா திருப்பவில்லை. "யாரு அக்கா இது? எதுக்கு எங்கிட்ட குடுக்குறீங்க?"

"எங்க வீட்டுக்காரர். வெக்கத்துல அவர் பேரைப் பெட்டியில போட்டதில்ல, நானே முட்டி போட்டு ஆண்டவர்கிட்ட கேட்டுட்டிருக்கேன். கதையில இருக்கிறவனுக்கு நாலே வாரத்துல புத்தி வருது, வீட்டுல இருக்கிறவருக்கு இருபத்தெட்டு வருஷமா வரல. அதான், இவரையும் கதையில போட்டுடுங்க."