பேதியுப்பில் காய்த்த பாகற்காய்

மயிலாப்பூரிலேயே மண்ணோடு ஜன்மப் பகை வைத்திருந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தலைக்கு மேலே, மாடி அறையில் குடியிருந்தார். கூடைக்காரி கத்தரிக்காய் கொண்டுவந்தால் ஒன்றை எடுத்துப் பார்த்து, "ஐயோ பாவம், எவ்வளவு அழுக்குல வளர்ந்திருக்கு!" என்று உச்சுக்கொட்டுவார். கூடைக்காரி அடுத்த நாளிலிருந்து எங்கள் வாசலில் கூடையை இறக்கவில்லை. நஷ்டம் எனக்குத்தான்.

அது யுத்த காலம். நான் கல்யாணமாகிப் புதுக்குடித்தனம் வந்த வீடு. முன்கட்டில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும், பின்கட்டில் நானும் என் கணவரும், மாடியில் இவர். ஒண்டிக்கட்டை. ஏதோ காலேஜில் ரசாயன லாபரட்டரியில் வேலை. அவருக்குப் பெயர் இருந்ததற்குத் தபால்காரர் ஒருவர்தான் சாட்சி. தெருவில் எல்லோருக்கும் அவர் 'உப்புத்தண்ணி சார்'.

காய்கறி பயிரிடுங்கள் என்று சர்க்கார் சுவர் சுவராக நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சாரும் அதே சமயம் ஏதோ வெளிதேசத்துப் பத்திரிகையில் செடிக்கு மண்ணே வேண்டாம், உப்புக் கரைத்த தண்ணீர் போதும் என்று படித்துத் தொலைத்தார். மறுநாளே மண்ணெண்ணெய் டின்களை நெடுக்குவாட்டில் வெட்டி, உள்ளே தார் பூசி, மேலே கம்பிவலை போட்டு, தேங்காய் நாரைப் பரப்பினார். செடி நாரில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டுக் கொள்ளும். பதினெட்டு டின்! மொட்டைமாடியில் நான் வடாம் பிழிய ஒரு முழம் இடமில்லை.

உப்பு என்றால் சமையல் உப்பு இல்லை. அதில் முக்கியமானது பேதியுப்பு. ஆம், வயிற்றைச் சுத்தம் செய்யக் குடிக்கிறோமே, அதேதான். நாட்டு மருந்துக் கடையில் போய் இரண்டு வீசை கேட்டிருக்கிறார். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சாமி, ஒரு கரண்டிக்கே ஆளு படுத்துருவான். ரெண்டு வீசை இன்னாத்துக்கு?"

"செடிக்குப்பா."

"செடிக்கா! செடிக்கு இன்னா சாமி வவுத்துல கோளாறு?"

கதை அவர் வீடு திரும்புவதற்கு முன்பே தெருவுக்குத் திரும்பிவிட்டது.

முதலில் வைத்த தக்காளி அழுகியது. அடுத்து வெண்டை அழுகியது. "வேருக்கு மூச்சு முட்டறது" என்று கண்டுபிடித்து, என் கணவரின் சைக்கிள் பம்ப்பைக் கடன் வாங்கி, ரப்பர் குழாய் மாட்டித் தண்ணீருக்குள் காற்றடிக்க ஆரம்பித்தார். பம்ப் போனது போனதுதான். என் கணவர் அதற்கப்புறம் ஆபீசுக்கு நடந்து போனார். மாடிக்கு யார் வந்தாலும் இருபது தரம் பம்ப் அடித்தாக வேண்டும். துணி உலர்த்தப் போன நானும் அடித்தேன். விமானத் தாக்குதலுக்கு முன்னேற்பாடு பார்க்க வந்த வார்டனும் அடித்தார். பாவம் அந்த வார்டன், பதினெட்டு டின் தண்ணீரையும் பார்த்துப் பூரித்துப்போய், "குண்டு விழுந்தா தீயணைக்க இவ்வளவு தண்ணி வெச்சிருக்கிற ஒரே வீடு இதுதான். ஒரு சொட்டு கொட்டக் கூடாது!" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

சார் கொட்டவில்லை. தண்ணீரே தானாகத் தளத்தில் இறங்கி, சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த வீட்டுக்காரர் வழுக்கையில் சொட்டியது. அவர் துண்டால் தலையைத் துடைத்தபடி மாடியேறினார்.

"ஓய்! ஆறு மாசமா உம்ம உப்புத்தண்ணியில ஸ்நானம் பண்ணிண்டிருக்கேன். இதுவரைக்கும் ஒரு காய் கண்ணுல பட்டதுண்டா? எங்கம்மா தெவசம் முடிஞ்ச மறுநாள் ஆள் வரும். அத்தனை டின்னும் கீழே போயிடும், சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள காய்ச்சுடும் சார்" என்றார் உப்புத்தண்ணி. குரலே எழும்பவில்லை. எனக்கே சங்கடமாகிவிட்டது.

காய்த்தது! நம்புங்கள், கடைசியாக வைத்த பாகற்கொடி பந்தலேறி ஐந்து காய் விட்டது. சார் வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டினார். அவர் அசைந்து கொடுக்கவில்லை. "காய்ச்சா ஆச்சா? யாராவது தின்னணும். தின்னுட்டு நடமாடணும். அப்போ பாக்கலாம்."

அங்கேதான் சிக்கல். பேதியுப்பு குடித்து வளர்ந்த காயை யார் தின்பார்கள்? என் கணவர் பல்வலி என்றார். நான் மசக்கை என்று சொல்லித் தப்பித்தேன். மசக்கை வந்தது அடுத்த வருஷம்! சார் தானே ஒன்றைத் தின்று காட்டியிருக்கலாம். ஆனால், "நானே தின்னா நானே மார்க் போட்டுண்ட மாதிரி ஆயிடும் அம்மா" என்று மறுத்துவிட்டார். ஐந்து காயும் கொடியில் தொங்கின. தெவசத்துக்கு நாலு நாள் பாக்கி.

அப்போது பிடித்தது மழை. மூன்று நாள் விடவில்லை. கூவமும் அடையாறும் கரை புரண்டு, தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு ஒரு வண்டி வரவில்லை. தெவசத்துக்கு நாட்டுக்காய்தான் ஆகும். அதில் பாகற்காய் இல்லாவிட்டால் வீட்டுக்கார மாமிக்குத் தெவசமே ஆகாது. "உங்கம்மாவுக்கு உசிரான காய். ஏன்னா, அது இல்லாம எப்படி இலை போடறது?" என்று மூக்கைச் சிந்தினாள். கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் தலையை உயர்த்தி உத்தரத்தைப் பார்த்தார்கள்.

தெவசத்தன்று காலையில் வந்த சாஸ்திரிகளிடம் விஷயம் போயிற்று. அவர் மாடியேறி, கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மரியாதையாக இருபது தரம் பம்ப்பும் அடித்தார்.

"பேதியுப்பாமே?"

"வேர்தான் குடிக்கறது சாஸ்திரிகளே. காய்க்கு ஒண்ணும் ஆகாது."

சாஸ்திரிகள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "மார்க்கெட் காய் எந்த எருவுல வளர்றதுன்னு என்னிக்காவது விசாரிச்சேளா? விசாரிச்சா சாப்பிட முடியாது. இது அதைவிடச் சுத்தம், மடி. பறிக்கச் சொல்லுங்கோ."

சார் ஐந்தையும் தன் கையாலேயே பறித்துக் கொடுத்தார்.

தெவச இலையில் உட்காருகிறவர் ருசியைப் பற்றி மூச்சு விடக்கூடாது. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. சார் மாடிப்படியில் உட்கார்ந்து தவிக்கிறார். அங்கிருந்து இலை தெரியாது. பின்கட்டு நிலைப்படியிலிருந்து எனக்குத் தெரியும். இலையில் இரண்டு பெரியவர்கள். இருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்காரரோ அவர்கள் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று ஒரு பெரியவர் பாகற்காய் இருந்த பாத்திரத்தை நோக்கி விரலை நீட்டினார். இன்னும் கொஞ்சம்! பிறகு மற்றவரும் நீட்டினார். நான் படிப்பக்கம் திரும்பி இரண்டு விரலைக் காட்டினேன். சார் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் இறங்கிவந்து, "மாமி, ஒரே ஒரு துண்டு..." என்று இழுத்தார். மாமி கையைப் பிசைந்தாள். தெவசச் சாப்பாட்டை வெளி மனுஷருக்குப் போடும் வழக்கமில்லை. "பரவாயில்லை மாமி" என்று சிரித்துக்கொண்டே திரும்பினார்.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரர் குடையோடு புறப்பட்டு, அந்த இரண்டு பெரியவர்கள் வீட்டு வாசலிலும் தலா மூன்று தரம் நடந்தாராம். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர் வேலைக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிவந்தவர் நேரே மாடியேறினார். சார் ஆள் வரப்போகிறான் என்று இரண்டு டின்னைத் தானே காலி செய்து கவிழ்த்து வைத்திருந்தார். வீட்டுக்காரர் குனிந்து அந்த இரண்டையும் நிமிர்த்தி வைத்தார்.

"நேத்து எங்கம்மா வயிறு நிறைஞ்சு போயிருப்பா. அடுத்த வருஷமும் நீங்கதான் தரணும்" என்றார்.

அடுத்த காய்ப்பில் நானே போய் இரண்டு காய் கேட்டு வாங்கி வந்து கறி வதக்கினேன். முதல் இலை சாருக்குப் போட்டேன். ஒரு துண்டை வாயில் போட்டவர் அப்படியே நிறுத்திவிட்டார். கண் நிரம்பிவிட்டது.

"கசக்கறது அம்மா! நிஜப் பாகற்காய் மாதிரியே கசக்கறது!"

அந்தக் கசப்புக்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதருக்கு, வேண்டாம் வேண்டாம் என்று அவர் இலையைக் கையால் மறைக்க மறைக்க, என் பங்கையும் சேர்த்துப் பரிமாறினேன்.