பெரட்டில் நான் பிடித்த திருடன்

துப்பறியும் நாவல் படித்துக் கெட்டுப்போனவர்கள் உலகத்தில் எத்தனை பேரோ தெரியாது. நான் ஒருத்தி என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஊரைக் காலி செய்தபோது பங்களாவில் ஒரு பெட்டிப் புத்தகத்தை விட்டுப்போனார். அடுப்பெரிக்க ஆகும் என்று அப்பா அதைத் தூக்கி வந்தார். எல்லாமே ஒரே ரகம். சீமையில் ஒரு பல்கலைக்கழகம், அதன் நூலகத்தில் ஒரு பேராசிரியரின் பிணம். யாரும் பெரிதாக அழமாட்டார்கள். பிணத்தை எடுப்பதற்குள் நாலு மணி டீ வந்துவிடும். (அந்தத் தேயிலையைப் பறித்தது யார் என்று மட்டும் எந்தத் துப்பறிவாளரும் விசாரித்ததில்லை.) கடைசி அத்தியாயத்தில் விரிவுரையாளர் அம்மாள் ஒருவர் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டிவைத்து, குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவார்.

பல்கலைக்கழகம் என்றால் இதுதான் என்று நம்பி, பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்த கையோடு விண்ணப்பம் போட்டேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அதுவரை யாரும் போட்டதில்லை. இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் அம்மாவோடு கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான். பதில் வந்ததா என்று தினமும் அப்பாவைக் கேட்பேன். "வரலம்மா" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா டவுனில், கூடப் படித்த சரசுவைப் பார்த்தேன்.

"எனக்கு லெட்டர் வந்து ரெண்டு வாரமாச்சி லா. ஒனக்கு இன்னும் வரலியா?"

பொறாமையில் எனக்குக் காது அடைத்துவிட்டது. என்றைக்குள் பதிய வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. சரசுவைவிட எனக்கு மார்க் அதிகம். ஆகவே என் கடிதம் திருடப்பட்டிருக்கிறது. (இதைத்தான் அன்று நான் மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

தோட்டத்துத் தபால் எல்லாம் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கைக்குத்தான் வரும். அவர் மகன் ஆறாம் படிவத்தில் கோட்டை விட்டவன். காரணம் கிடைத்துவிட்டது, ஆதாரம்தான் பாக்கி. அவரிடமே போய், "கிராணி சார், எனக்கு லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. ஆனால் சந்தேகப்படுகிறவரிடம் நேராகக் கேட்கும் பழக்கம் அந்த நாவல்களில் கிடையாதே! ஆறு நாள் வேவு பார்த்தேன். ஆபீஸ் குப்பைக் கூடையைக் கிளறினேன். அவர் என்னைப் பார்த்து ஒருமுறை சிரித்ததைக்கூட நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அடுத்து எல்லாரையும் ஓரிடத்தில் கூட்ட வேண்டும். எங்களுக்கு அதில் கஷ்டமே இல்லை. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்கு மொத்தத் தோட்டமும் வந்துதானே ஆக வேண்டும்? சனிக்கிழமை காலை, அம்மாவின் சுவெட்டரை மாட்டிக்கொண்டு, புதுத் துரை, கங்காணி, இருநூறு தொழிலாளர்கள் முன்னால் போய் நின்றேன்.

"என் யுனிவர்சிட்டி லெட்டர எடுத்தவரு இங்கதான் நிக்கிறாரு" என்று விரலைக் கிராணி பக்கம் நீட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும்.

"என்னம்மா பேசற? கவர்மெண்டு லெட்டர் ஒண்ணு வந்துச்சி, ஒங்கப்பா கையில கொடுத்து மூணு வாரமாச்சே. அவரு சொல்லலியா?"

செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களின் வரிசையிலிருந்து அப்பா வெளியே வந்தார். சட்டைக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே அரசாங்க முத்திரை போட்ட பழுப்பு உறை, பிரிக்கப்படாமல் இருந்தது.

"நான்தாம்மா எடுத்து வச்சிருக்கேன். என்னைய ஊருக்கு அனுப்பத்தான் வந்துருக்குன்னு நெனச்சிட்டேன்."

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அவரிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. அந்த வருடம்தான் வேலை பெர்மிட் கிடைக்காமல் பக்கத்து லயத்தில் மூன்று குடும்பங்கள் கப்பலேறி ஊர் திரும்பியிருந்தன. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னால் தானும் போக வேண்டிவரும் என்று பயந்து, மூன்று வாரமாக அந்த உறையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார். அந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. என் நோட்டில் அது இல்லை.

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். கிராணிதான் உறையைப் பிரித்துப் படித்தார். எனக்கு இடம் கிடைத்திருந்தது. முந்தாநாள் வியாழக்கிழமைக்குள் பதிந்திருக்க வேண்டும். சரசுவைப் பார்த்த அன்றே கிராணியிடம் போயிருந்தால் நாலு நாள் கையில் இருந்திருக்கும்.

தாமதத்தை விளக்கி எழுதிப் போட்டோம். இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்று இன்னொரு பழுப்பு உறை வந்தது. கிராணியே சிபாரிசு செய்து எனக்கு ஆபீசில் டைப் அடிக்கும் வேலை வாங்கித் தந்தார். முப்பது வருடம் அடித்தேன். அப்பா மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் மேல் வர வேண்டிய கோபத்தையும் சேர்த்து அவர் தலையில்தான் கட்டினேன்.

அதன்பிறகு வீட்டில் கத்தரிக்கோலோ சீப்போ, எது காணாமல் போனாலும், யாரும் கேட்பதற்கு முன்பே அப்பா, "நான் எடுக்கலம்மா" என்பார். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். அப்பா போய்ப் பல வருடமாகியும், டிவி ரிமோட்டைக் காணோம் என்றால் என் பிள்ளைகள், "தாத்தா எடுக்கலம்மா" என்று ராகம் போடுகிறார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். அவர் இருந்தபோது ஒரு தடவையாவது, "தெரியும்ப்பா" என்று சொல்லியிருக்கலாம்.