கசிமீரா சருகு காத்த படலம்

வாழி கசிமீரா! முப்பத்தோராண்டு வார்சா மாநகரின் தண்டவாள வீதிகளில் ட்ராம் என்னும் மணியொலித் தேர் செலுத்தி, குறுக்கே வந்த கனவான்களையும் குடிகாரர்களையும் ஒரே மணியோசையால் ஓரங்கட்டிய தேர்வலவியே, வாழி! ஓய்வு பெற்ற மறுதிங்களே, பச்சிளங்குழவியின் எடையொத்த கருநிற லென்ஸைத் தோளில் சாத்தி, மழைக்கோட்டுக் கவசம் பூண்டு, ரப்பர்க் காலணி அதிரப் பூங்கா புகுந்த புள்ளினப் படப்பெருமாட்டியே, நின் கீர்த்தி சொல்லப் புகும் எம் நா குழறாதிருப்பதாக!

கசிமீரா நாடியது அன்னமன்று, வாத்துமன்று. அவை ரொட்டித் துண்டு காட்டும் எவர் கேமராவின் முன்னும் கழுத்தை நீட்டும் எளியவை. அவள் நாடியது காட்டு உள்ளான். வடபுலக் காடுகளில் உறைபனி இறங்குமுன் தெற்கே பெயர்வதும், இரவெல்லாம் பறந்து களைத்து, விடியும் வேளையில் எந்நகரம் கீழே கிடக்கிறதோ அந்நகரத்துப் பூங்காவில் இறங்குவதும், புறாவளவு உடலும் விரல்நீள அலகும் கொண்டிருந்தும், உதிர்ந்த இலைகளையே முதுகில் ஒட்டிவைத்தாற்போன்ற நிறத்தால் சருகோடு சருகாய்க் கிடந்து, மிதிபடப் போகும் நொடிவரை அசையாதிருப்பதும் அப்பறவையின் இயல்பு. முதலாம் இலையுதிர்காலத்தில் அது அவள் வலக்காலணியின் நுனியிலிருந்தே வெடித்தெழுந்தது. அவள் எடுத்த பதினேழு படங்களிலும் வானம் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. இரண்டாம் இலையுதிர்காலத்தில் நேர்ந்த இடையூறு அதனினும் பெரிது. அதன் பெயர் ரோமுவால்ட்.

ரோமுவால்ட் அவள் கணவன். தேநீர்க் குடுவையும் கசகசா ரொட்டியும் சுமந்து பின்வரும், ஒருவனே ஆன சேனை. கழுகும் நாணும் கண்பார்வையை அவனுக்கு அருளிய இறைவன், கிழக்கு ரயில் நிலையத்தில் இருபத்தாறாண்டு வண்டிகளின் வருகையை அறிவித்துப் பழுத்த குரலையும் உடன் அருளிவிட்டான். கண்டதை அறிவிக்காமலிருக்க ரோமுவால்டால் இயலாது. "கசியா! இடப்பக்கம்! வேலியோரம்! உள்ளான்!" என்று சென்ற ஆண்டு அவன் முழங்கியபோது, உள்ளானோடு ஏரியிலிருந்த வாத்துகளும் எழுந்து போயின. பதினோரு நாள் அவள் அவனோடு பேசவில்லை.

இது மூன்றாம் இலையுதிர்காலம். கசிமீராவின் இரு முழங்கால்களுக்கும் நவம்பரில் அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. அதன்பின் ஈரச்சருகில் மண்டியிட முடியுமா என்று கேட்டதற்கு மருத்துவர், "பாப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். ஆகவே அக்டோபரின் கடைசி வியாழனன்று, ஸ்கரிஷெவ்ஸ்கிப் பூங்காவின் வாயிலில் நின்று அவள் தன் சேனைக்கு ஆணையிட்டாள்.

"இன்னிக்கு நீ வாயத் தெறந்தே, வீட்டுக்கு நான் மட்டும்தான் போவேன்."

"சரி, பேசல."

"இப்பவே பேசற பாரு."

தன்னைத் தானறிந்த ரோமுவால்ட், கசகசா ரொட்டியில் பாதியைப் பிட்டு வாயில் அடைத்துக்கொண்டு அவள் பின்னே நடந்தான். செம்பும் பொன்னும் சிந்திய மேப்பிள் வரிசையைக் கடந்து, நாய்ப்படைகள் உலவும் புல்வெளியைச் சுற்றி, ஏரிக்கரையின் மூலையில் பத்தடி அகலச் சருகு மெத்தையை அவர்கள் எய்தியபோது, அவன் நின்றான். அவன் கண்கள் விரிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. வரலாற்றில் முதன்முறையாக அவன் அறிவிக்கவில்லை. விரலை நீட்டினான்.

"எங்க?" என்று மூச்சாலே கேட்டாள் கசிமீரா. விரல் நீண்டது. "இலைதான தெரியுது?" விரல் இன்னும் தாழ்ந்தது. மாபெரும் மதில் சரிவதுபோல் அவள் மெல்ல மண்டியிட்டாள், இரு முழங்கால்களும் இரு வேறு சுருதியில் முனகின, லென்ஸ் எழுந்தது. சருகு, சருகு, சருகு, அவற்றின் நடுவே கரிய, ஈரமான, சிமிட்டாத ஒரு கண்.

அந்நேரத்தில்தான், ஊழிக்காற்று உறுமினாற்போல் ஓர் ஓசை மேப்பிள் வரிசையின் பின்னிருந்து கிளம்பிற்று. முதுகில் மோட்டாரும், காதில் செவிக்காப்பும், கையில் யானைத் துதிக்கை ஒத்த காற்றுச் சீறும் குழாயும் தாங்கி, உதிர்ந்தனவற்றையெல்லாம் உருட்டிப் புரட்டி ஓரத்தில் குவித்தபடி, பூங்காப் பணியாளன் தமியான் வந்துகொண்டிருந்தான். அவன் தீயவனல்லன், பத்து மணிக்குள் ஏரிக்கரையை முடிக்கவேண்டியவன். அவனுக்கும் அக்கண்ணுக்கும் இடையே இருபது அடி, பிறகு பதினைந்து அடி.

கசிமீரா கையை உயர்த்தினாள், அவன் காணவில்லை. "தம்பி!" என்றாள், கேட்கவில்லை. எழ முயன்றாள், முழங்கால்கள் உடன்படவில்லை. ட்ராமின் மணி இன்றி அவள் வாழ்நாளில் முதன்முதலாக நிராயுதபாணியாய் இருந்தாள். அவள் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆணையும் இல்லை, கோபமும் இல்லை; வேண்டுதல் இருந்தது. முப்பத்தெட்டு ஆண்டு மணவாழ்வில் அப்படி ஒரு பார்வையை ரோமுவால்ட் கண்டதில்லை. ரொட்டியை விழுங்கினான்.

"பணியாளர் கவனத்திற்கு! ஏரிக்கரை மூலையில் சருகு அகற்றும் பணி, மறு அறிவிப்பு வரும்வரை, ஒத்திவைக்கப்படுகிறது!"

எட்டு நடைமேடைகளை ஆண்ட அக்குரல் மோட்டாரின் உறுமலைப் பிளந்து, செவிக்காப்பைத் துளைத்து, தமியானின் உள்ளத்தில் இறங்கியது. அவன் விசையை அணைத்தான். காகங்கள் பறந்தன, புறாக்கள் பறந்தன, நாயொன்று தன் எசமானனை இழுத்துக்கொண்டு ஓடிற்று. உள்ளான் மட்டும் அசையவில்லை. அசையாமை ஒன்றே அது கற்ற கலை.

"யார் சொன்னது? மேஸ்திரி எங்கிட்ட எதுவும் சொல்லலியே?" என்று சுற்றுமுற்றும் பார்த்தான் தமியான்.

"இங்க ஒரு பறவை படுத்திருக்கு தம்பி," என்றாள் கசிமீரா.

"எங்கம்மா? வெறும் இலைல்ல கெடக்கு."

"ராத்திரி பூரா பறந்து வந்திருக்கு. தூங்கட்டும்."

"நல்ல கதையா இருக்கே. இலைக்குப் பக்கத்துல உக்காந்துகிட்டு பறவைங்கறீங்க. மேஸ்திரி கேட்டா நான் என்ன சொல்ல?"

"ட்ராம் ஓட்டின கிழவி ஒருத்தி வழிவிடமாட்டேன்னு குந்திட்டான்னு சொல்லு."

பின் அவள் லென்ஸை உயர்த்திப் படத்தைச் சொடுக்கி, கேமராவின் திரையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் குனிந்தான்; சலித்தான்; மறுபடி குனிந்தான். திடீரென அவன் முதுகு விறைத்தது.

"அய்யய்யோ," என்று கிசுகிசுத்தான். "அது என்னயே பாக்குதும்மா."

தமியான் ஏரிக்கரை முழுதும் சருகு வாரும் கோலால் கையாலேயே கூட்டி முடித்தான். அம்மூலையில் மட்டும் பத்தடிச் சருகை விட்டுவைத்தான். கணவனும் பணியாளனும் கக்கத்தில் கைகொடுத்து ஆளுக்கொரு பக்கமாய்த் தூக்க, கசிமீரா எழுந்தாள். மீதி ரொட்டியை மூவரும் பங்கிட்டார்கள். தேநீர்க் குடுவையின் மூடி ஒன்றே என்பதால் முறைவைத்துக் குடித்தார்கள். "உன் தொண்டைக்கும் ஒரு உபயோகம் இருக்கு போ," என்று கசிமீரா கணவனின் சட்டைக் கழுத்திலிருந்த கசகசாவைத் தட்டிவிட்டாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, தானாகவே, சொல்லாமல் விட்டான்.

அந்தி சாய்கையில் உள்ளான் எழுந்து, தன் சருகுமேனியைச் சிலிர்த்து, விஸ்துலா ஆற்றைத் தாண்டித் தெற்கே போயிற்று.

மூன்று இலையுதிர்காலத் தவத்தின் பயனாய், இரு முழங்கால்களின் இறுதிக் கொடையாய், இடிக்குரலோனின் வெற்றி முழக்கத்தால் காக்கப்பட்டு எடுக்கப்பட்ட அவ்வொப்பரும் படம், நவம்பரில் பேட்டை நூலகத்தின் பறவைக் கண்காட்சியில், கருஞ்சட்டத்துள் பொலிந்து, நடுச்சுவரில் அரியணை ஏறியது. ஊன்றுகோலிரண்டும் தாங்க, கசிமீரா அதன் அருகே அரசியென நின்றாள்.

பார்த்தவர்கள் எல்லாரும் இலை ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றார்கள்.